அருவருப்பா, அருவெறுப்பா, இல்ல வெறும் வெறுப்பா?

உங்க கேள்விய நான் எப்படி புரிஞ்சுகிட்டேன்னு முதல்ல சொல்லிடறேன். நீங்க எழுதற கதையில "அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அருவருப்பு வந்தது"ன்னு ஒரு வரி இருக்கு, அத படிச்சுப் பாத்த நண்பர் "அருவெறுப்பு"ன்னு திருத்திட்டு, பக்கத்துலயே "வெறுப்புன்னு போட்டாலே போதுமே"ன்னும் எழுதிக் குடுத்துட்டார். எது சரின்னு கேக்கறீங்க. பாத்தா எழுத்துப்பிழை பத்தின கேள்வி மாதிரி இருக்கு, ஆனா நீங்க நிஜமா கேக்கறது அருவருப்புங்கிறது வெறுப்போட இன்னொரு பேரா, இல்ல அது தனியா ஒரு உணர்ச்சியாங்கிறதுதான்னு நினைக்கறேன். நான் தமிழ் எம்.ஏ. முடிச்சுட்டு 22 வருஷமா புத்தகங்களுக்கு மெய்ப்பு பாக்கறேன், கதை கட்டுரை மொழிபெயர்ப்புன்னு எல்லாமே வரும், இந்த ஒரு வார்த்தைய மட்டும் எத்தனை தடவ நிறுத்திப் பாத்திருப்பேன்னு கணக்கு இல்ல. ஆனா நான் மொழியியல் ஆராய்ச்சி பண்ணவ இல்ல. அதனால எது உறுதி, எது என் கணிப்புன்னு பிரிச்சே சொல்றேன்.

உறுதியானத முதல்ல சொல்லிடறேன். அருவருப்புதான் சரி, ரெண்டு இடத்துலயும் சின்ன ர. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் 1924லேர்ந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்துச்சே, அதுலயும் இப்படித்தான் இருக்கு. அகராதி சொல்றதுங்கறத விட எனக்குப் பெரிய ஆதாரம் அதோட வினைச்சொல். வெறுத்தான் வெறுப்புன்னு வர்ற மாதிரி அருவருத்தான் அருவருப்புன்னு வருது. பழைய தமிழ் பைபிள்ல யோபு கடைசியில "நான் என்னை அருவருத்து, தூளிலும் சாம்பலிலும் இருந்து மனஸ்தாபப்படுகிறேன்"னு சொல்வாரு, அந்த வரிய ஞாபகம் வச்சுக்கிட்டா எழுத்து மறக்கவே மறக்காது. "என்னை அருவெறுத்து"ன்னு சொல்லிப் பாருங்க, நாக்கே ஒத்துக்காது.

அப்புறம் ஏன் இத்தனை பேரு அருவெறுப்புன்னு எழுதறாங்க? ரெண்டு காரணம் இருக்கும்னு நினைக்கறேன். ஒண்ணு, கன்னியாகுமரி மாதிரி சில பக்கம் தவிர தமிழ்நாட்டுல பேச்சுல ர, ற வித்தியாசம் பெரும்பாலும் போயிடுச்சு, காதுல ஒரே மாதிரி விழறத எழுதும்போது கை தடுமாறும். ரெண்டாவது, "வருப்பு"ங்கிற பாதிக்கு தனியா ஒரு அர்த்தமும் தெரியல, "வெறுப்பு"ன்னா எல்லாருக்கும் தெரியும், அதனால மனசு தானாவே தெரிஞ்ச வார்த்தைய அதுக்குள்ள வச்சுப் பாத்துக்குது. அருமையான வெறுப்பு, அதாவது தாங்க முடியாத வெறுப்புன்னு ஒரு விளக்கமும் சேந்துடுது, கேக்க நல்லாவே இருக்கு, அதனாலதான் திருத்தறவங்க அவ்ளோ நம்பிக்கையோட திருத்தறாங்க. இந்த ரெண்டாவது காரணம் என் கணிப்பு. ஆனா உங்க நண்பர் மேல கோவப்படாதீங்க, நல்லா எழுதறவங்க கையெழுத்துப் பிரதியிலயே இத நான் பாத்திருக்கேன், இப்போ அச்சுலயும் நிறைய வருது, இன்னும் 50 வருஷத்துல ரெண்டுமே சரின்னு ஆனாலும் ஆகலாம். இன்னிக்கு என்கிட்ட வந்தா நான் அருவருப்புன்னுதான் மாத்துவேன்.

இனி அர்த்தம். இதத்தான் நான் நிறைய சொல்லணும்னு நினைச்சேன். வெறுப்புக்கும் அருவருப்புக்கும் உள்ள வித்தியாசம் அகராதியில தெரியறத விட வாக்கியத்துல நல்லா தெரியும். "நான் அவன வெறுக்கறேன்"னு சொல்லலாம், அதுல நான் எழுவாய், வெறுக்கறது நான் செய்யற வேலை. பேச்சுல "நான் அவன அருவருக்கறேன்"னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? "எனக்கு அருவருப்பா இருக்கு"ன்னுதான் சொல்வோம். பசிக்குது, குளிருது, தலை வலிக்குதுங்கிற வரிசையில "எனக்கு"ன்னு வந்து உக்காருது பாருங்க. அது நான் செய்யறது இல்ல, எனக்கு நேர்றது. இன்னொண்ணும் இருக்கு, அருவருப்பு தனியா வராது, முன்னாடி ஒரு "பாத்தா", "தொட்டா", "மோந்தா" வேணும். அவன் எச்சி துப்பறத பாத்தா அருவருப்பா இருக்கு, அந்த துணிய தொட்டா அருவருப்பா இருக்கு. ஒண்ணுமே இல்லன்னா "நெனச்சாலே அருவருப்பா இருக்கு"ன்னாவது வரணும். கண்ணு, மூக்கு, தோலு, நாக்கு ஏதோ ஒரு வாசல் வழியாத்தான் அது உள்ள வரும். வெறுப்புக்கு அந்த வாசல் வேண்டாம். பத்து வருஷமா பாக்காத, வேற ஊர்ல இருக்கற சித்தப்பாவ வெறுக்க முடியும், சொத்துத் தகராறு ஒண்ணு போதும். அவர நெனச்சு அருவருக்கணும்னா அவர் செஞ்ச ஏதோ ஒண்ணு கண்ணு முன்னாடி படமா வரணும்.

அதே நேரத்துல அருவருப்பு வெறும் உடம்பு சமாச்சாரமும் இல்ல. மலைப்பாதையில பஸ் வளைஞ்சு வளைஞ்சு போகும்போது குமட்டும், மசக்கையில குமட்டும், அதுல அருவருப்பு கிடையாது. கர்ப்பமா இருக்கறப்ப எனக்கு காப்பி வாசனையே ஆகல, ஆனா காப்பி மேல எனக்கு ஒரு அருவருப்பும் வந்ததில்ல, மூணாவது மாசம் முடிஞ்சதும் மறுபடி குடிச்சேன். குமட்டல் வயித்துல இருக்கு, வெறுப்பு மனசுல இருக்கு, அருவருப்பு ரெண்டையும் ஒரே நேரத்துல பிடிக்குது. கம்பளிப்பூச்சி கையில ஊர்ந்துட்டு போனப்புறமும் அந்த இடம் கூசிக்கிட்டே இருக்குமே, கழுவின கைய மறுபடி கழுவுவோமே, அந்தக் கூச்சம்தான் என்னப் பொறுத்தவரைக்கும் இந்த வார்த்தையோட நடு மையம். பயத்துல ஓடறோம், கோவத்துல கிட்ட போறோம், அருவருப்புல உடம்ப சுருக்கிக்கிட்டு ஒதுங்கறோம், பட்டுடக் கூடாதுங்கிறதுதான் அதுல முக்கியம்.

பேச்சுல இந்த வார்த்தை ரொம்பக் கம்மிங்கிறதையும் கதை எழுதறவங்க கவனிக்கணும். வீட்ல யாரும் "அருவருப்பாயிருக்கிறது"ன்னு சொல்றதில்ல. "உவ்வே", "ச்சீ", "ச்சை", "அய்யே", "கருமம் கருமம்", "கண்றாவி", "கொமட்டுது", "ஒரு மாதிரி இருக்கு", இப்படித்தான் வரும். கருமம்ங்கிறது கர்மம்தான், வினைன்னு இருந்தது எப்படி மூக்க பொத்திக்கிட்டு சொல்ற வார்த்தையாச்சுங்கறது தனி கதை. சீ-யும் சின்ன வார்த்தை இல்ல, வயசு ரொம்ப அதிகம். மாணிக்கவாசகர் திருவெம்பாவை ரெண்டாவது பாட்டுல, தூங்கிட்டு இருக்கற தோழிய எழுப்ப வந்த பொண்ணுங்க அவள சீண்ட, அவ "சீ சீ இவையும் சிலவோ, விளையாடி ஏசும் இடம் ஈதோ"ன்னு திருப்பிக் கேக்கறா. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆன வரி, இன்னிக்கும் காலேஜ் பொண்ணு ஒருத்தி தோழி கிட்ட "சீ போடி"ன்னா அதே தொனிதான். அதுல கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் செல்லம், அருவருப்பு துளிகூட இல்ல. அதனால உங்க கதாபாத்திரம் வெறும் "சீ"ன்னா அது எந்த சீன்னு வாசகருக்கு தெரியணும், "ச்சீ"ன்னு அழுத்தி எழுதறது அதுக்குத்தான் உதவுது.

அசிங்கம்ங்கிற வார்த்தைய தனியா சொல்லியே ஆகணும். "ரோடெல்லாம் அசிங்கமா இருக்கு"ன்னா அழுக்கு, மலம், நாத்தம். "நாலு பேர் முன்னாடி அசிங்கமாப் போச்சு"ன்னா அவமானம். ஒரே வார்த்தை, ஒண்ணுல நான் பாக்கறவ, இன்னொண்ணுல நான் பாக்கப்படறவ. இது எனக்கு தொல்காப்பியத்துல இருக்கற இளிவரல ஞாபகப்படுத்தும். "நகையே அழுகை இளிவரல் மருட்கை, அச்சம் பெருமிதம் வெகுளி உவகை"ன்னு எட்டு மெய்ப்பாடு, அதாவது உடம்புல வெளிப்படற உணர்ச்சி, சொல்றாரு இல்லையா, அதுல இருக்கற இளிவரல வடமொழி நாட்டிய சாஸ்திரத்துல வர்ற பீபத்ஸங்கிற சுவையோட ஒண்ணா வச்சு அருவருப்புன்னே நிறைய இடத்துல எழுதிடறாங்க. பீபத்ஸம் அருவருப்புதான், அதோட நிலை உணர்ச்சிய ஜுகுப்ஸைன்னு சொல்றாங்க. ஆனா தொல்காப்பியர் இளிவரல் எதனால வரும்னு சொல்றத பாருங்க, "மூப்பே பிணியே வருத்தம் மென்மையொடு யாப்புற வந்த இளிவரல் நான்கே". முதுமை, நோய், துன்பம், எளிமை. இதுல சாக்கடையும் இல்ல, புழுவும் இல்ல. குறள் 970ல "இளிவரின் வாழாத மானம் உடையார்"னு வருது, அங்க இளிவுன்னா நேரடியா மானக்கேடு. அதனால இளிவரல்ங்கிறது அருவருப்ப விட அசிங்கப்படறதுக்குத்தான் கிட்ட இருக்குன்னு நான் படிக்கறேன். இது என் வாசிப்புதான், வேற மாதிரி உரை சொல்றவங்களும் இருக்காங்க, அவங்களும் தமிழ நல்லா படிச்சவங்கதான். பின்னாடி வந்த தண்டியலங்காரம்ங்கிற அணி இலக்கண நூல் எட்டு சுவையில இழிப்புன்னு ஒண்ண வைக்குது, அது பீபத்ஸத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கம்.

எழுத்துத் தமிழ்ல அருவருப்புங்கிற வார்த்தைக்கு ஒரு பெரிய எடை சேந்ததுல பைபிள் மொழிபெயர்ப்புக்கு பங்கு உண்டுன்னு நினைக்கறேன், கிறிஸ்தவக் குடும்பத்துல வளந்தவங்களுக்கு இது டக்குன்னு புரியும். லேவியராகமம் 11ஆம் அதிகாரத்துல செதிலும் துடுப்பும் இல்லாத நீர்ப்பிராணிகள் உங்களுக்கு அருவருப்பா இருக்கட்டும்னு வருது, அது சாப்பாட்டு விலக்கு. நீதிமொழிகள் 11:1ல "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது"ன்னு வருது, அது எடைய குறைச்சு ஏமாத்தற கடைக்காரர பத்தி. மூல எபிரேயத்துல ரெண்டும் ஒரே வார்த்தை இல்ல, முதல்ல வர்றது ஷெகெட்ஸ், அடுத்தது தோஏவா, தமிழ்ல ரெண்டுமே அருவருப்பு ஆயிடுச்சு. ஆனா அதனால தமிழுக்கு ஒரு நல்லது நடந்துச்சுன்னு எனக்குத் தோணும், புழு பூச்சி மேல வர்ற உடம்புக் கூச்சத்த கள்ளத்தராசு மேலயும் பொய் மேலயும் வைக்கலாம்னு இந்த வார்த்தை கத்துக்கிச்சு. "ஆறு காரியங்களைக் கர்த்தர் வெறுக்கிறார், ஏழும் அவருக்கு அருவருப்பானவைகள்"னு நீதிமொழிகள் 6:16 சொல்லும்போது ரெண்டு வார்த்தையும் ஒரே வரியில பக்கத்துல பக்கத்துல நிக்குது, முதல் வார்த்தைய விட ரெண்டாவது ஒரு படி மேல ஏறுது பாருங்க, உங்க நண்பர் சொன்ன மாதிரி ரெண்டும் ஒண்ணுன்னா அந்த வரிக்கு அந்த ஏத்தமே இருக்காது. அதுக்கு கீழ வர்ற பட்டியல்ல மேட்டிமையான கண்ணு, பொய் நாக்கு, குற்றமில்லாதவங்க ரத்தத்த சிந்தற கைன்னு பெரும்பாலும் உடம்போட உறுப்பாவே வருது.

இந்த உணர்ச்சியே எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா வார்த்தைய வைக்கற இடமும் தெரியும், அதனால ரெண்டு விஷயம் சொல்றேன். டார்வின் 1872ல உணர்ச்சிகள் முகத்துல எப்படி வெளிப்படுதுன்னு ஒரு புத்தகம் எழுதினாரு. அதுல தென் அமெரிக்காவோட அடிமுனையில இருக்கற தியரா தெல் ஃபூகோவுல நடந்த ஒண்ண சொல்றாரு. அவர் பதப்படுத்தின ஆறிப்போன இறைச்சிய சாப்பிட்டுட்டு இருக்காரு, அந்த மண்ணோட ஆள் ஒருத்தர் வந்து அத விரலால தொட்டுப் பாத்து, அதோட கொழகொழப்புல அப்பட்டமா முகம் சுளிச்சாராம். டார்வினுக்கோ அந்த ஆள் தன் சாப்பாட்ட தொட்டுட்டாரேன்னு ஒரே அருவருப்பு, அந்தக் கை அழுக்கா தெரியலன்னு அவரே எழுதறாரு. இத படிச்ச அன்னிக்கு நான் கொஞ்ச நேரம் வேலையே பாக்கல. கை சுத்தமாத்தான் இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுது, ஆனாலும் சாப்பாடு கெட்டுப்போச்சுன்னு மனசு சொல்லுது. இது எந்த மாதிரி அருவருப்புன்னு நம்ம ஊர்ல யாருக்கும் விளக்கவே வேண்டாம். ரெண்டாவது, அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் கூட இருந்தவங்களும் 1980கள்ல பண்ணின சோதனை. கிருமி நீக்கின செத்த கரப்பான ஜூஸ்ல ஒரு தடவ முக்கி எடுத்துட்டு குடிக்கச் சொன்னாங்க. ஆபத்து இல்லன்னு நல்லாத் தெரிஞ்சும் ஆளுங்களுக்கு அந்த ஜூஸ் பிடிக்காமப் போயிடுச்சு. ஒரு தடவ பட்டுட்டா பட்டதுதான், அந்தத் தீட்டு போகாதுன்னு உள்ள ஏதோ ஒண்ணு பிடிவாதமா நிக்குது. தீட்டுங்கிற வார்த்தைய தெரிஞ்சேதான் போட்டேன்.

ஏன்னா இந்த வார்த்தையில நான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கறது இங்கதான். மலத்து மேல வர்ற அருவருப்பு இயல்பு, உடம்ப காப்பாத்துது. ஆனா அத அள்ளச் சொல்லி ஒரு சாதிய தள்ளி வச்சு, அப்புறம் மலத்து மேல இருந்த அருவருப்ப அள்ளினவங்க மேல ஏத்தி, அவங்க குளிச்சு வெள்ள வேட்டி கட்டிட்டு வந்தாலும் தனி டம்ளர் வச்ச ஊரு நம்ம ஊரு. அரசியலமைப்புச் சட்டத்து 17ஆவது பிரிவு தீண்டாமைய ஒழிச்சுச்சு, கையால மலம் அள்ள வைக்கறத தடுக்க 1993லயும் மறுபடி 2013லயும் சட்டம் வந்துச்சு, இன்னும் குழிக்குள்ள இறங்கி ஆளுங்க சாகறாங்க. சில வருஷம் முன்னாடி ஒரு நாவல் மெய்ப்புக்கு வந்துச்சு. நல்ல எழுத்து, எழுதினவரும் நல்ல மனசுக்காரர்தான். அதுல சாக்கடைக் குழியிலேர்ந்து ஒரு தொழிலாளி மேல ஏறி வர்ற காட்சி, "அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது"ன்னு கதைசொல்லி சொல்றான். கதைசொல்லியோட புத்தி அப்படின்னு காட்டறதா இருந்தா அந்த வரி சரி, நான் தொட மாட்டேன். ஆனா முழு அத்தியாயமும் அந்த ஆளுக்கு பரிவா இருக்கு, இந்த ஒரு வரி மட்டும் எழுதினவருக்கே தெரியாம வந்து விழுந்திருக்கு. ஓரத்துல பென்சில்ல "அருவருப்பு அவர் மேலயா, குழி மேலயா, அவர உள்ள இறக்கினவங்க மேலயா?"ன்னு மட்டும் எழுதி அனுப்பினேன். ராத்திரி போன் பண்ணி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம இருந்தாரு, அப்புறம் "குழி மேலதான்மா"ன்னாரு. அடுத்த படியில ஆளு முகத்த துடைச்சுக்கறாரு, கதைசொல்லிக்கு அந்தக் குழியோட வாய பாக்க முடியல, அருவருப்பு அங்க வந்துச்சு. நான் எழுத்து ஒண்ணும் மாத்தல, வார்த்தை இருக்கற இடம் மட்டும் மாறுச்சு.

இன்னொரு சின்ன விஷயம், அருவருப்புக்கு பதிலா அழகா இருக்கேன்னு அசூயை-ன்னு போட்டுடாதீங்க. வடமொழியில அசூயான்னா பொறாமை. தமிழ்ல அத அருவருப்புங்கிற அர்த்தத்துல எழுதறவங்க இப்போ நிறைய பேர் இருக்காங்க, சுத்தம் இல்லாததுங்கிற அசுசியோட குழம்பியிருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம், அவ்ளோதான். ரெண்டு வாசகர் ரெண்டு விதமா படிப்பாங்க, அந்த ஆபத்து கதைக்கு எதுக்கு.

இப்போ உங்க வரிக்கு வர்றேன். "அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அருவருப்பு வந்தது". எழுத்து சரி. "அவளுக்கு"ங்கிறதும் சரி, "பார்த்ததும்"ங்கிற வாசலும் இருக்கு, வாக்கியம் நீங்க அறியாமலே வார்த்தையோட குணத்துக்கு ஏத்த மாதிரி அமைஞ்சிருக்கு. வெறுப்புன்னு மாத்தலாமாங்கிறது அவன் என்ன செஞ்சான்ங்கிறத பொறுத்தது. நீங்க கேள்வியோட சேத்து அனுப்பின பத்தியில அவன் அவளோட அக்கா பொண்ணுகிட்ட தப்பா நடந்துகிட்டவன்னு இருக்கு, அன்னிக்குத்தான் அவளுக்கு அது தெரிஞ்சிருக்கு. அப்படின்னா வெறுப்பு பத்தாது. அவ அவன பல வருஷமா வெறுத்திருந்தா அது வேற, இது அன்னிக்கு உடம்புல வந்து இறங்கினது, நேத்து வரைக்கும் சாதம் போட்ட கைக்கு இன்னிக்கு கழுவணும் போல இருக்கறது. அருவருப்புதான் அதுக்கு வார்த்தை, விட்டுக் குடுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு பாருங்க, முகம் அவன் கூடப் பிறந்தது, அதுல அவன் தப்பு ஒண்ணும் இல்ல. முகத்த விட்டுட்டு, அந்தக் குழந்தைய தொட்ட கைய அவ பாக்கறதா எழுதிப் பாருங்க. அதே கையால அவன் அவகிட்ட தண்ணி டம்ளர நீட்டட்டும்.